மன்னர் வாயால் ஒரு விலை

கண்ணுகளா, முன்னொரு காலத்தில், பெயர் இன்னதென்று யாருக்கும் நினைவில்லாத ஒரு நாட்டில், எல்லாமே அரண்மனைக்குச் சொந்தமாக இருந்தது. நெல், உப்பு, கத்தரிக்காய் எல்லாம் பண்டசாலைக்குப் போகும். மக்கள் வரிசையில் நின்று, கொடுத்ததை வாங்கிப்போவார்கள். வரிசையின் கடைசியில் இருப்பவருக்கு வெறும் சாக்குதான் மிச்சம்.

இளைய மன்னர் பட்டத்துக்கு வந்ததும், தன்னைச் சிரிக்கவைக்கும் விகடர் வேம்பையனை மந்திரியாக்கினார். புது மந்திரி சந்தையைத் திறந்துவிட்டார். விளைவித்தவர்களே விற்கலாம் என்றார். முதல் ஆறு மாதம் விலை ஏறியது. மக்கள் வேம்பையனைத் திட்டினார்கள். பிறகு கூடைகள் நிறைந்தன, திட்டும் குறைந்தது.

பண்டசாலைத் தலைவர் சாத்தப்பருக்கு மட்டும் வயிறு எரிந்தது. யாரும் இப்போது அவரைக் கும்பிடுவதில்லை. மன்னரிடம் போனார்.

"மகாராஜா, கண்டவர் வாயிலும் விலை வருகிறது. தங்கள் திருவாய்க்கு என்ன மரியாதை?"

மன்னருக்கு அது பிடித்துப்போயிற்று. "வேம்பையரே, நாளை முதல் என் வாயால் சொன்ன விலைக்கே எதையும் விற்க வேண்டும். ஒரு கத்தரிக்காய் தவறினாலும் சந்தையை மூடுவேன். நீர் நாட்டைவிட்டுப் போக வேண்டும்."

"உத்தரவு, மகாராஜா" என்றார் வேம்பையன்.

விடிந்தது. மன்னர் முகம் கழுவ வந்தால், வாசற்படியிலிருந்து கோட்டைக் கதவு வரை கூடைகள். முதலில் கீரைக்காரி பொன்னுருவி.

"சாமி, கட்டு என்ன விலைங்க?"

"ஒரு காசு."

"இது நேத்து பறிச்சதுங்க. இதுவுமா ஒரு காசு?"

மன்னர் யோசித்தார். "அரைக் காசு."

"கொசுறுக்குக் கறிவேப்பிலை எத்தனை இணுக்கு குடுக்கட்டும்?"

மன்னர் பக்கத்தில் நின்ற சாத்தப்பரைப் பார்த்தார். நாற்பது வருஷம் பண்டசாலையில் இருந்தும் அவர் யாருக்கும் கொசுறு கொடுத்ததில்லை.

உச்சிவேளையில் மன்னர் இருபதாவது கூடைக்குத்தான் விலை சொல்லிக்கொண்டிருந்தார். பொன்னுருவி மறுபடி வந்து நின்றாள்.

"வெயில்ல வாடிப்போச்சுங்க. காலையில சொன்ன விலைக்கு ஒருத்தரும் தொடல. இப்ப என்னங்க விலை?"

மன்னருக்குப் பசி காதை அடைத்தது. "சாப்பாடு எங்கே?"

"சமையற்காரர் முருங்கைக்காய் வாங்க நிற்கிறார், மகாராஜா. தாங்கள் இன்னும் விலை சொல்லவில்லை. அது நூற்றெழுபதாவது கூடை" என்றார் வேம்பையன்.

"மீதியை நான் சொல்லிவிடுகிறேன்" என்று சாத்தப்பர் முன்னால் வந்தார்.

"மன்னர் வாயால் என்பதல்லவா உத்தரவு? தங்கள் வாயால் வந்தால் நான் நாடு கடக்க வேண்டும், ஐயா."

மன்னர் வாடிய கீரையைப் பார்த்தார். பொன்னுருவியைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"உத்தரவு ரத்து. எல்லாரும் சந்தைக்குப் போங்கள். சமையற்காரர் முதலில் ஓடட்டும்."

சொல்லிவிட்டுக் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி வேம்பையனுக்குப் போட்டார். சாத்தப்பரால் கண்ணை எடுக்க முடியவில்லை.

"மகாராஜா, அந்த மாலை என்ன விலை பெறும்?"

"என்னை ஏன் கேட்கிறீர்?" என்றார் மன்னர், சாப்பாட்டுக்கூடத்தை நோக்கி நடந்தபடி. "சந்தையில் போய்க் கேளும்."