அல்வாத் தட்டில் மூன்று தோட்டங்கள்

கதைக்கு முன்னால் ஒரு கேள்வி. முக்கோணமாக ஒரு குளம். அதன் ஒரு மூலை மட்டும் பலகையின் மூலை போலச் செங்கோணமாக இருக்கிறது. மூன்று கரைகளிலும் மூன்று சதுரத் தோட்டங்கள். கரை எவ்வளவு நீளமோ, தோட்டத்தின் நான்கு பக்கமும் அவ்வளவு நீளம். மிக நீண்ட கரையில் இருப்பது பெரிய தோட்டம். மற்ற இரண்டும் சின்னவை. பெரியதில் இடம் அதிகமா, சின்னவை இரண்டையும் சேர்த்தால் அதிகமா? பதிலை மனத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

நீர்மங்கலம் என்கிற நாட்டைக் கடம்பரையர் என்று ஒரு மன்னர் முன்னொரு காலத்தில் ஆண்டு வந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் காலையில் ஒன்று தோன்றும், மாலையில் வேறொன்று தோன்றும். தோன்றியதெல்லாம் ஆணையாகிவிடும்.

ஒருநாள் அவருக்கு மகள் குவளையின் பிறந்தநாள் நினைவு வந்தது. "குளக்கரையில் இருக்கும் சின்னத் தோட்டங்கள் இரண்டும் இளவரசிக்கு. ஒரு பரிசு கொடுத்தேன் என்பதைவிட இரண்டு கொடுத்தேன் என்றால் கேட்க நன்றாக இருக்கும்" என்றார்.

அந்த இரண்டு தோட்டங்களிலும் மல்லிகை போட்டுப் பிழைத்தவர்கள் ஊர்ப் பூக்காரர்கள். அவர்கள் சார்பாகக் காத்தாயி என்பவள் அவைக்கு வந்து நின்றாள்.

"நாங்கள் எங்கே போவோம் மகாராசா?"

"பெரிய தோட்டம் அரண்மனையுடையதுதானே. அதை எடுத்துக்கொள்ளுங்கள்."

குதிரைத் தளபதி வல்லாளருக்குச் சுருக்கென்றது. பெரிய தோட்டத்தில் புல் மேய்ந்துகொண்டிருந்தவை அவருடைய சொந்தக் குதிரைகள். அவர் எழுந்தார்.

"மன்னா, அது இரண்டு தோட்டங்களையும் சேர்த்தாலும் மிஞ்சும் இடம். அங்கே என் குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஓடும். சின்னதில் திரும்பவே இடமில்லை. முக்கால் பங்கு இவர்களுக்குப் போதும். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்."

"பெரியதுதான் சின்னது. எங்கள் இரண்டு தோட்டத்துக்கும் வேலி போட முள் அதிகம் ஆகிறது. அதை முழுசாகக் கொடுத்தாலும் எங்களுக்குக் குறைச்சல்தான்" என்றாள் காத்தாயி.

மந்திரி எயினி இருவரையும் பார்த்தாள். குதிரைக்காரர் ஓட்டத்தால் அளக்கிறார், பூக்காரி வேலியால் அளக்கிறாள். இரண்டுமே இடத்தை அளப்பது ஆகாது.

"மன்னா, பெரியதும் சின்னவை இரண்டும் சரிசமம். ஒரு முழம்கூட மிஞ்சாது" என்றாள்.

"மந்திரியார் குதிரை ஏறியதில்லை, பாவம்" என்றார் வல்லாளர். அவை சிரித்தது.

மன்னரின் கண் அல்வாத் தட்டின் மேல் இருந்தது. அந்த அவையில் ஒரு வழக்கம் உண்டு. மதியம் அல்வா வரும். மன்னர் கடைசித் துண்டை விழுங்குவதற்குள் வழக்கைப் பேசி முடிக்க வேண்டும். பிறகு அவர் தூங்கப் போய்விடுவார். அன்று கடைசித் துண்டும் உள்ளே போயிற்று.

"நாளை அல்வா தீர்வதற்குள் நிரூபியுங்கள் மந்திரியாரே. இல்லாவிட்டால் தளபதி சொன்னதே தீர்ப்பு."

கால் பங்கு தோட்டம் போனால் எத்தனை வீட்டில் அடுப்பு எரியாது என்று எயினிக்குத் தெரியும். மன்னர் அல்வா தின்னும் வேகமும் தெரியும். அவள் நேராக அரண்மனைச் சமையற்கட்டுக்குப் போனாள்.

மறுநாள் வந்தது ஒரு சதுரத் தட்டு. அதில் நான்கே அல்வாத் துண்டுகள். நான்கும் ஒரே அளவு. குளத்தின் வடிவத்திலேயே வெட்டிய முக்கோணங்கள். இளவரசி குவளையும் அன்று அவையில் இருந்தாள். மன்னர் கையை நீட்டினார்.

"தொடாதீர்கள் மன்னா. வழக்கே அதில்தான் இருக்கிறது" என்றாள் எயினி.

"தின்னக்கூடாத அல்வாவா?"

"தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தின்னலாம்."

மன்னர் கையை மடியில் வைத்துக்கொண்டார். அவர் இவ்வளவு கவனமாக ஒரு வழக்கைப் பார்த்தது அன்றுதான்.

"துண்டின் குட்டைப் பக்கங்கள் இரண்டையும் ஒரே கோட்டில் சேர்த்தால் தட்டின் ஒரு பக்கம் வரும். அப்படித்தான் தட்டு செய்யச் சொன்னேன். குவளை, தட்டின் மூலை ஒவ்வொன்றிலும் துண்டின் செங்கோண மூலையை வை. நான்கும் ஒரே பக்கமாகச் சுற்றி வரட்டும்."

இளவரசி வைத்தாள். நடுவில் சாய்வாக ஒரு சதுரம் காலியாக இருந்தது. அதன் நான்கு பக்கங்களும் அல்வாவின் நீண்ட பக்கங்கள்.

"நீண்ட கரை மேல் சதுரம். இதுதான் பெரிய தோட்டம். சரிதானே தளபதியாரே?"

"சரி" என்றார் வல்லாளர், வேண்டாவெறுப்பாக.

"இப்போது இரண்டிரண்டு துண்டாக நீண்ட பக்கத்தை ஒட்டு. இரண்டு நீள்சதுரம் கிடைக்கும். ஒன்றைப் படுக்கவைத்து ஒரு மூலையில் தள்ளு. மற்றதை நிற்கவைத்து எதிர்மூலையில் தள்ளு."

குவளை தள்ளினாள். மீதி இரண்டு மூலைகளிலும் இரண்டு சதுரங்கள் காலியாகின. ஒன்றின் பக்கம் அல்வாவின் ஒரு குட்டைப் பக்கம். மற்றதன் பக்கம் இன்னொரு குட்டைப் பக்கம்.

"சின்னத் தோட்டங்கள் இரண்டும் இவை. மன்னா, தட்டை மாற்றினேனா?"

"இல்லை."

"அல்வாவை யாராவது தின்றார்களா?"

"என்னையே விடவில்லையே, வேறு யார் தின்பது?"

"தட்டும் அதே, அல்வாவும் அதே. அப்படியானால் காலி இடம் மட்டும் எப்படிக் கூடும், எப்படிக் குறையும்?"

மன்னர் தட்டையே பார்த்தார். துண்டுகளைத் தாமே ஒருமுறை மூலைக்கு நகர்த்தினார், மறுபடி ஒட்டினார். பிறகு தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"மிஞ்சவில்லை. வல்லாளரே, மீதியைப் பார்த்துக்கொள்கிறேன் என்றீரே, எங்கே அந்த மீதி?"

வல்லாளர் தட்டைப் பார்த்தார்.

"உம் குதிரைகளை இன்றே ஓட்டிக்கொண்டு போம். அவை போட்ட சாணத்தை நீரே கூடையில் அள்ளி மல்லிகைக்குப் போடும்" என்ற மன்னர், தம் விரல் கணையாழியைக் கழற்றி எயினிக்குக் கொடுத்தார். அவள் அதை வாங்கிக்கொண்டு, "பரிசு இன்னும் முடிவாகவில்லை மன்னா. இரண்டும் சமம் என்றால் இளவரசியிடமே கேட்கலாமே" என்றாள்.

மன்னர் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்தார். "பெரியது ஒன்று வேண்டுமா, சின்னது இரண்டு வேண்டுமா? நீ விட்டது பூக்காரர்களுக்கு."

காத்தாயி ஓரடி முன்னால் வந்து நின்றாள்.

குவளை பெரிய தோட்டத்தை எடுத்துக்கொண்டாள். மல்லிகை இருந்த இடத்திலேயே இருந்தது.