எந்த ஊர் வெள்ளம்?

ஏரிக்கரையை ஒட்டிய காட்டில் பூபதி என்றொரு முயலார் இருந்தார். கரைக்குக் கீழேதான் வளை. வளைக்குள் அவரும் மனைவி வடிவும்.

முயலாருக்குத் தம் பேச்சின்மேல் அப்படியொரு பெருமை. எழுதி வைத்துப் படிப்பது மாதிரியே பேசுவார். பள்ளத்தில் குடியிருந்த பெருச்சாளி, "இரையை இஸ்துகினு வந்தேன்" என்றால், "இழுத்துக்கொண்டு வந்தேன் என்று சொல். பள்ளத்தில் இருந்தால் பேச்சும் பள்ளத்தில் கிடக்க வேண்டுமா?" என்று மூக்கைச் சுளிப்பார். வடிவு வாயைத் திறந்தால், "பெண்கள் பேசினால் பக்கத்து வளைக்குக் கேட்கக் கூடாது" என்று அடக்கிவிடுவார். பாவம், அவளுக்குச் சொல்ல நிறைய இருந்தது.

அங்கே ஒருநாள் தங்கபாய் என்ற அணில் வந்து சேர்ந்தாள். கன்னியாகுமரிப் பக்கத்துக்காரி. வாழைத்தார் லாரியில் தூங்கிப்போய், கண் விழித்தால் ஊரே மாறியிருந்தது. நாக்கு வறண்டு முயலார் வாசலில் நின்று வடிவிடம் கேட்டாள்.

"எக்கா, குடிக்கக் கொஞ்சம் வெள்ளம் தாருங்க."

முயலார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வெள்ளம் என்றால் ஊரையே அடித்துக்கொண்டு போவது. அதைக் குடிக்கக் கேட்கிறாயே, உனக்கென்ன வயிறா, ஏரியா?"

"எங்க ஊர்ல தண்ணியத்தான் வெள்ளம்னு சொல்லுவோம்."

போச்சு! அன்றிலிருந்து அவள் தலையைக் கண்டாலே, "வெள்ளம் குடித்தாயா?" என்று காடே கேலி செய்தது. தங்கபாய்க்கு அழுகை முட்டிக்கொண்டு வரும். வேறு வழியில்லாமல் இந்த ஊர்ப் பேச்சைக் கற்றுக்கொண்டாள்.

ஐப்பசியில் வடிவு நாலு குட்டிகள் போட்டாள். அவை கண் திறக்கும் முன்னே மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் காலை, ஏரிக்கரை விரிசல் விட்டு உடையத் தொடங்குவதைத் தங்கபாய் மர உச்சியிலிருந்து பார்த்துவிட்டாள். விழுந்தடித்து ஓடி வந்தாள்.

"வெள்ளம் வருது! எல்லாரும் ஓடுங்க!"

முயலார் வளையிலிருந்து தலையை மட்டும் நீட்டினார். "வரட்டுமே. ஒரு வாய் குடித்துவிட்டுப் போ."

"ஐயோ, விளையாடாதீங்க..."

"விளையாடாதீர்கள் என்று சொல்லம்மா."

வடிவு அணிலின் முகத்தைப் பார்த்தாள். அவள் கண் திரும்பத் திரும்ப ஏரிக்கரைப் பக்கமே போவதைப் பார்த்தாள். புருஷனை ஒரு தள்ளு தள்ளிவிட்டு வெளியே வந்து, அக்கரைக்கே கேட்கும்படி கத்தினாள்.

"ஏம்மா, எந்த வெள்ளம்? உங்க ஊர் வெள்ளமா, எங்க ஊர் வெள்ளமா?"

"உங்க ஊர் வெள்ளந்தான் எக்கா!"

அவ்வளவுதான். வடிவு ஒரு குட்டியைக் கவ்வினாள். முயலார் ஒன்று, தங்கபாய் ஒன்று. வடிவின் சத்தம் கேட்டு ஓடி வந்த பெருச்சாளி நாலாவதைத் தூக்கிக்கொண்டது. நாலு பேரும் மூச்சிரைக்கப் பாறைமேல் ஏறி நின்றார்கள்.

முயலார் திரும்பிப் பார்த்தார். வளை இருந்த இடத்தில் செந்நிறத் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது.

"எம் புள்ளைங்கடி... கொஞ்சம் விட்டிருந்தா எம் புள்ளைங்க போயிருக்குமேடி!" என்று ஓவென்று அழுதார். எழுதி வைத்த பேச்சில் ஒரு சொல்கூட வாயில் வரவில்லை.

"எங்கிட்ட அழுது என்ன? அவகிட்ட மன்னிப்புக் கேளுங்க" என்றாள் வடிவு.

இரண்டு காதும் தொங்க, முயலார் தங்கபாய் முன்னால் போய் நின்றார்.

ஒருவர் எப்படிப் பேசுகிறார் என்று சிரித்துக்கொண்டே இருப்பவருக்கு, அவர் என்ன சொல்கிறார் என்பது காதில் ஏறாது.