நாலாவது கண்ணாடி

ஊறப்போட்ட மொச்சையைப் பிதுக்கிக்கொண்டே சொல்கிறேன். கைக்கு வேலை இருந்தால்தான் எனக்குப் பேச்சு வரும்.

மலையடிவாரத்தில் கீழ்ச்சோலை ஆஸ்பத்திரி. அங்கே நஸீமா என்று ஒரு பல் டாக்டர். என்னைவிட நாலைந்து வயசு கூட இருந்தால் அதிகம். அவருக்கு ஒரு சிஷ்யர் வந்திருந்தார். பேர் தணிகாசலம். தலை பூரா நரைத்தவர். டவுன் பெரிய ஆஸ்பத்திரியில் பல் பிரிவுக்கே தலைவர். லேசர் வைத்தியம் பழக இவரிடம் வந்திருந்தார். விளையாட்டாக டாக்டரை “குருவே” என்றும் கூப்பிடுவார். டாக்டர் சிரித்துக்கொள்வார். ஆனால் அவரைச் “சார்” என்பதை மட்டும் விடமாட்டார்.

நான் என் மகள் செல்லியைக் கூட்டிக்கொண்டு போன அன்று சாருக்குப் படிப்பு முடிகிற நாள். வாசலில் ஒரு வேன் நின்றது.

“மாவட்டத்துக்கே ஒரு லேசர் மெஷின்தானாம். அதையும் ஏத்திக்கிட்டுப் போறாங்களாம். அந்தப் பெரியவரு சரின்னு சொல்லணும், அவ்வளவுதான்” என்றாள் பெஞ்சில் இருந்த ஒருத்தி. கன்னம் வீங்கி, துண்டைத் தாடையோடு சேர்த்துக் கட்டியிருந்தாள்.

நான் செல்லியை இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன்.

செல்லிக்கு நாக்கு எழும்பாது. அடியில் ஒரு தோல் இழுத்துப் பிடித்திருக்கிறது என்று போன தடவை நஸீமா டாக்டர்தான் கண்டுபிடித்தார். அங்கன்வாடியில் பிள்ளைகள் வேண்டுமென்றே, “உன் பேரு என்னடி?” என்று கேட்கும். இவள், “செய்யி” என்பாள். ஒரே சிரிப்பு. அதிலிருந்து யார் பேர் கேட்டாலும் என் முந்தானைக்குள் போய்விடுவாள்.

பெஞ்சுக்கு மேலே சுவரில் ஒரு பல்லி.

“யம்மா, பய்யி” என்றாள், என் காதுக்கு மட்டும்.

உள்ளே கூப்பிட்டார்கள்.

“குருவே, ஒரு சந்தேகம்” என்று சார் கேட்டுக்கொண்டிருந்தார்.

“கேளுங்க சார்.”

“டவுன்ல வெச்சா தினம் நூறு பேர் வருவாங்க. இங்க எத்தனை பேர் வந்துடப் போறாங்க? சாயந்திரம் வளர்ச்சித் திட்டக் கூட்டம். மெஷின் எங்க இருக்கணும்னு என்னைத்தான் கேப்பாங்க. ஜனம் நிறைய இருக்கிற இடம்தானே நியாயம்?”

டாக்டர் செல்லியைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார்.

“பாப்பாவை முதல்ல பார்த்துடலாம் சார்.”

லேசர் போடும்போது அறைக்குள் இருக்கிற எல்லோரும் கண்ணாடி போட வேண்டுமாம். அந்த வெளிச்சம் கண்ணில் பட்டால் கெடுதி. கண்ணாடி நாலுதான் இருந்தது. டாக்டர் ஒன்று போட்டார். நர்ஸம்மா ஒன்று. செல்லிக்கு ஒன்று, அது கன்னத்தில் சரிந்தது. நாலாவதை சார் எப்போதோ மாட்டிக்கொண்டு தயாராக நின்றார்.

செல்லி என் சேலையை விடவில்லை.

டாக்டர் சார் பக்கம் கையை நீட்டினார்.

“சார், அதைக் குடுங்க.”

“மேடம், நாக்கு கேஸ் நான் இன்னும் ஒண்ணுகூடப் பார்க்கலை. இதுக்காகத்தான் காத்திருந்தேன்.”

“கொஞ்சம் வெளிய இருங்க.”

“பாப்பாவோட அம்மா வெளிய இருக்கட்டுமே.”

“குடுங்க சார்.”

நர்ஸம்மா வாயைப் பொத்திக்கொண்டார். சார் கழற்றிக் கொடுத்தார்.

“இந்த வயசுல என்னை வகுப்புக்கு வெளிய நிக்க வெச்சுட்டீங்க” என்று சொல்லிக்கொண்டே போனார்.

நானே போய்விடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. டாக்டரே கண்ணாடியை எனக்கு மாட்டிவிட்டார். அதில் சார் முகத்துச் சூடு இன்னும் இருந்தது.

கதவைச் சாத்தினார்கள்.

பேனா மாதிரி ஒன்று. நுனியில் கடுகளவு சிவப்பு. நான் ரத்தத்துக்குப் பயந்து பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ரத்தம் வரவில்லை. கத்தியும் இல்லை. அந்தப் புள்ளி போன வழியில் தோல் தானாக விலகிக் கொடுத்தது. விளக்கேற்றுகிறேன், அடுப்பு மூட்டுகிறேன், வெளிச்சம் என்றால் எனக்கு அவ்வளவுதான். அது இப்படி அறுக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். அறுக்கிற சத்தம்கூட இல்லை. செல்லியின் விரல்கள் என் கைக்குள் மெல்லத் தளர்ந்தன.

“நாக்கைத் தூக்கு கண்ணு.”

தூக்கினாள். மேலுதட்டைத் தொட்டது. அவளுக்கே நம்ப முடியவில்லை. அந்தப் பெரிய கண்ணாடிக்குள் கண்ணை உருட்டி என்னைப் பார்த்தாள். எனக்குக் கும்பிட வேண்டும் போல் இருந்தது. டாக்டரையா, அந்த வெளிச்சத்தையா, தெரியவில்லை.

“புண்ணு ஆறினதும் மேலுதட்டுல தேன் தடவுங்க. நக்கி நக்கிப் பழகட்டும். பேச்சு மெதுவா வந்துடும்” என்றார் டாக்டர்.

பிறகு கதவைத் திறந்தார். சார் கதவுக்கு நேராக அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

“ரொம்ப நேரம் ஆயிடுச்சே மேடம்.”

“இவ்வளவு நேரம் என்ன சார் பார்த்தீங்க?”

“என்னத்தைப் பார்க்கிறது? மூடின கதவைத்தான் பார்த்தேன்.”

டாக்டர் பெஞ்சுப் பக்கம் திரும்பினார். துண்டு கட்டியவள் இருந்தாள். முதல் பஸ்ஸைப் பிடிக்க இருட்டிலேயே மலையிறங்கி வந்தவர்கள் சுவரோரம் சாய்ந்திருந்தார்கள்.

“இவங்க காலமெல்லாம் அதைத்தான் சார் பார்க்கிறாங்க.”

வெளியே வேன்காரர் ஹாரன் அடித்தார். மறுபடியும் அடித்தார். சார் திரும்பவில்லை. பெஞ்சுக்குப் போனார். துண்டு கட்டியவள் நகர்ந்து இடம் விட்டாள். உட்கார்ந்தார்.

“எந்த ஊரும்மா?” என்றார்.

நாங்கள் பஸ்ஸுக்கு நிற்கும்போது வேன் எங்களைத் தாண்டிப் போனது. பின்கதவு சரியாகச் சாத்தாமல் ஆடியது. உள்ளே ஒன்றும் இல்லை.

இப்போதும் காலையில் வாய் கொப்பளிக்கும்போது செல்லி நாக்கைத் தூக்கிக் காட்டுவாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கடுகளவு சிவப்பு எனக்கு…

“யம்மா! ஓடியா! அடுப்பங்கரையில பல்லி! பல்லிம்மா!”