யாரும் எடுக்காத ட்ரெய்ட்

"அவன் கிளம்பறதுக்குள்ள நீங்க எல்லார் முன்னாலயும் சொல்லணும் டீச்சர். தப்பு அவனோடதுன்னு."

செங்கோடன் இதைச் சொன்னபோது, கீழே, வேலையை விட்டுப் போகும் மாரப்பனுக்கு வழியனுப்பு நடந்துகொண்டிருந்தது. டீயும் பஜ்ஜியும் வந்திருந்தன. செங்கோடன் மட்டும் கீழே போகவில்லை.

சங்ககிரியில், லாரி புக்கிங் ஆபீஸ்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கும் சின்ன இடம் அது. அங்கே எழுதுகிற எல்லாருக்கும் தொழில் சொல்லிக்கொடுத்தவர் தில்லைக்கரசி. வயதில் மூத்த செங்கோடனுக்கும் அவர் டீச்சர்தான்.

"என்ன தப்பு?" என்றார் டீச்சர்.

"ரசீது அடிக்கிற ட்ரெய்ட் நான் எழுதினது. அதை எடுத்துக் கெடுத்தான்."

ட்ரெய்ட் என்பது பலரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று எழுதிவைக்கும் நிரல் துண்டு. அது தனியாக ஓடாது. ஒரு கிளாஸ், அதாவது ஒரு வேலைக்கென்று எழுதிய முழு நிரல், அதைத் தனக்குள் எடுத்துக்கொண்டால்தான் ஓடும்.

லாரிகளை எடைபோடும் எடைமேடைக்காக மாரப்பன் எழுதிய கிளாஸ் அதை எடுத்துக்கொண்டது. எடைச் சீட்டு அச்சாகவில்லை. லாரிகள் ரோடு வரைக்கும் நின்றன. அன்றைக்கு எல்லார் எதிரிலும் செங்கோடன் மாரப்பனைப் பார்த்துக் கத்தினார். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சு இல்லை. மாரப்பன் ஓசூரில் வேறு வேலை பார்த்துக்கொண்டார்.

"ஓடவிடறதுக்கு முன்னாடி அனலைசர் பிழை காட்டலையா?"

அனலைசர் என்பது நிரலை ஓட்டாமலே படித்துப் பார்த்துப் பிழை சொல்லும் கருவி.

"காட்டுச்சு. அதத் தூக்கிட்டு எங்கிட்ட வந்தான். என்னோடதுல தப்பு இருக்காது, உன்னோடதப் போய்ப் பாருன்னேன்."

"அப்புறம்?"

"ஓடவிட்டுட்டான்."

"நீங்க சொன்னதை நம்பி."

செங்கோடன் அதைக் காதில் வாங்கவில்லை.

"எழுதின நாள்ல இருந்து என் ட்ரெய்ட்டுக்கு அனலைசர் ஒரு பிழை சொன்னதில்ல டீச்சர். அவன் தொட்டதுக்கு அப்புறம்தான் சொல்லுது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

டீச்சர் திரையைத் திருப்பினார்.

"புக்கிங் ஆபீஸோட கிளை எண்ணை அச்சடிக்குது உங்க ட்ரெய்ட். எடைமேடைக்கு ஏதுங்க கிளை எண்?"

"அவன்தான் வெச்சிருக்கணும்."

"அது வேணும்னு ட்ரெய்ட்ல எங்கயாவது எழுதிக் கேட்டிருக்கீங்களா?"

"கேக்கணுமா? கூடவே உக்காந்து வேலை பாக்கறவனுக்குத் தெரியாதா?"

டீச்சர் விசைப்பலகையை இழுத்தார். மாரப்பனின் கிளாஸில் அந்த ட்ரெய்ட்டை எடுத்துக்கொள்ளும் வரியை அழித்தார். அனலைசரை ஓட்டினார்.

பிழை இல்லை.

"பாத்தீங்களா!" செங்கோடன் மேசையைத் தட்டினார். "அவன் விலகினதும் சுத்தமாயிடுச்சு!"

டீச்சர் விசைப்பலகையை அவர் பக்கம் தள்ளினார்.

"உங்க ட்ரெய்ட்டுக்குள்ள ஒரு தப்பு எழுதுங்க. எங்கயும் இல்லாத ஒரு நிரலைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க."

செங்கோடன் யோசித்தார். 'மாரப்பன் மூளை' என்று ஒன்றைக் கூப்பிட்டு ஒரு வரி எழுதினார். சிரித்தார்.

"ஓட்டுங்க."

ஓட்டினார்.

பிழை இல்லை.

இன்னொரு முறை ஓட்டினார். பாதி வரியை வெட்டிவிட்டு, எண் வேண்டிய இடத்தில் தன் பெயரைப் போட்டு ஓட்டினார்.

பிழை இல்லை.

"கருவி கெட்டுப்போச்சு டீச்சர்."

"இல்லீங்க. எந்தக் கிளாஸும் எடுத்துக்காத ட்ரெய்ட்டை அது சோதிக்கவே சோதிக்காது. எடுத்துக்கிட்ட கிளாஸோட சேத்து வெச்சுத்தான் பாக்கும்."

"அப்ப இத்தனை நாளா தப்பில்லைன்னு வந்தது?"

"பாக்கலைன்னு அர்த்தம்."

கீழே யாரோ ஏதோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். மாரப்பனின் சிரிப்பு தனியாகக் கேட்டது.

செங்கோடன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற யாரெல்லாம் எடுத்துக்கிட்டாங்க?" என்றார் டீச்சர்.

"பக்கத்து சீட்டு சகுந்தலா தனக்குன்னு ஒண்ணு எழுதிக்கிட்டா. ரஃபி பாக்கறேண்ணேன்னான், பாக்கல."

"வேற?"

செங்கோடன் அடுத்த விரலை மடக்கப் போனார். மடக்க ஆளில்லை.



"அவன் மட்டும் எதுக்கு எடுத்தான்?" என்று கடைசியில் செங்கோடன் கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

"அவன்கிட்ட நானும் கேட்டேன். அண்ணன் ஆசையா எழுதி வெச்சிருக்காரு, ஒருத்தரும் தொடல, மனசு கஷ்டப்படுவாருன்னான்."

செங்கோடன் எழுந்தார். உடனே உட்கார்ந்தார்.

போய் என்ன சொல்வது? மன்னிச்சுக்கோ என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாததற்கு ஒவ்வொரு முறையும் ஒரு நியாயம் இருந்தது. இப்போதும் தேடினார். அகப்படவில்லை.

கீழே பைக் ஒன்று உதைபட்டது. ஸ்டார்ட் ஆகவில்லை. மறுபடி உதைத்தார்கள்.

"போங்க," என்றார் டீச்சர்.

"என்னைப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்குவான் டீச்சர்."

"திருப்பிக்கட்டும்."

செங்கோடன் செருப்புகூடப் போடாமல் படியிறங்கினார். நடுப்படியில் நின்றார். சட்டையைச் சரிசெய்தார். சொல்ல வேண்டியதை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு இறங்கினார்.

வாசலில் ரஃபி டீ டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"மாரப்பன் எங்கடா?"

"இப்பத்தாண்ணே போறாரு. நீங்க இறங்கி வருவீங்கன்னு, பைக் ஸ்டார்ட் ஆகாத மாதிரியே உதைச்சிட்டிருந்தாரு."