மாசிலாமணிக்கு நீந்தத் தெரியும்

கோவில்பட்டியில் ஒரு சைக்கிள் கடை மாடி. அங்கே ஒரே ஒரு பெரிய மேசை. அதற்கு இரண்டு கூட்டம். ஈயச் சிப்பாய்களை நிறுத்தி, பகடை உருட்டிப் போர் நடத்துகிறவர்கள் ஒரு கூட்டம். 'நான் மந்திரவாதி', 'நான் திருடி' என்று ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, 'இப்ப என்ன செய்றே?' என்று நடுவர் கேட்கக் கேட்க, அதே பகடையை உருட்டிக் கதை வளர்க்கிறவர்கள் இன்னொரு கூட்டம்.

இரண்டுக்கும் நடுவர் செண்பகவல்லி. வயது இருபத்தாறு. அவளிடம் போர் ஆட்டம் கற்க வந்த ஞானதுரைக்கு அறுபத்தொன்று. பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனாலும் அவளை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கடிதத்தை அவள் முன்னால் வைத்தார்.

"கையெழுத்துப் போடுங்க டீச்சர். அடுத்த வாரத்திலேர்ந்து மந்திரவாதிக் கூட்டம் இங்க வரக் கூடாது."

"என்ன தப்பு செஞ்சாங்க?"

"போர்னா கணக்கு. அளக்கணும், விதியைப் பார்க்கணும். இவங்க என்னடான்னா டிராகனுக்குச் சளியான்னு அரைமணி நேரம் விசாரிக்காங்க. நமக்கும் இவங்களுக்கும் என்ன சம்பந்தம்?"

ஜன்னலோரம் தன் முறைக்குக் காத்திருந்த, மந்திரவாதிக் கூட்டத்துக் கல்லூரிப் பெண் விடவில்லை. "சளி இருந்தா அது நெருப்புக் கக்காது தாத்தா. தெரிஞ்சுக்க வேண்டாமா?"

"பார்த்தீங்களா டீச்சர்!"

செண்பகவல்லி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "முதல்ல ஒரு ஆட்டம். அப்புறம் கையெழுத்து."

நீலத் துணியை ஆறாக விரித்தாள். நடுவில் மரப்பாலம், எதிர்க்கரையில் பீரங்கி. வழக்கமாக ஒரு பொம்மை என்றால் இருபது வீரர்கள் என்று கணக்கு.

"இன்னைக்கு ஒரு பொம்மைக்கு ஒரே ஆள்தான் ஐயா."

பாலத்தில் முதலில் ஏறுவது சாகும். ஞானதுரைக்குத் தெரியும். எப்போதும் கூசாமல் தள்ளிவிடுவார். இருபதைக் கழித்துவிட்டு அடுத்ததை நகர்த்துவார். இன்றும் துப்பாக்கி முறிந்த ஒரு பொம்மையைப் பாலத்தை நோக்கித் தள்ளினார்.

"இவர் பேரென்ன?"

"பொம்மைக்கு எதுக்கு டீச்சர் பேரு?"

"ஒரே ஆளாச்சே. பேர் இருக்குமில்ல?"

அவர் பொம்மையைப் பார்த்தார். "மாசிலாமணி. என்கூட இருந்தவன். இருபத்திரண்டு வயசு. வீட்டுக்குக் கடுதாசி எழுதத் தெரியாது, நான்தான் எழுதிக் குடுப்பேன்."

"சரி. பாலத்துல ஏத்துங்க."

கை பொம்மையின் மேலேயே இருந்தது. அளவுகோலை எடுத்தார். வைத்தார்.

"டீச்சர், பாலத்துக்கு அடியில நாணல் இருக்குமா?"

விதிப் புத்தகத்தில் நாணலே கிடையாது.

"இருக்கு," என்றாள் செண்பகவல்லி.

"அப்ப ஒளிஞ்சு போயிரலாமே! ஆத்தங்கரைப் பய, நல்லா நீந்துவான்."

ஜன்னலோரப் பெண் மேசையருகே வந்து நின்றாள். "மூச்சடக்குவாரா? குறிச்சு வச்சுக்கோங்க தாத்தா."

ஞானதுரை அவளை முறைத்தார். பிறகு, கையெழுத்தாகாத அந்தக் கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினார்: மாசிலாமணி. நீந்துவான். மூச்சடக்குவான்.

எழுதி முடித்துத்தான் நிமிர்ந்தார்.

"இது எந்த ஆட்டம் டீச்சர்? நம்மளதா, இவங்களதா?"

செண்பகவல்லி பகடையை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"தண்ணி குளிருது ஐயா. மாசிலாமணி இப்ப என்ன செய்றார்?"