நாள், நேரம், இடம்

சௌந்தரவல்லியிடம் யாருடைய ஜம்பமும் பலிக்காது. இருபத்து நாலு வருஷம் மகளிர் காவல் நிலையத்தில் இருந்தவர் அவர். எஸ்.ஐ.யாக இருக்கும்போதே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, தபால் வழியில் உளவியல் படித்து, ஐம்பத்து மூன்றாவது வயதில் பல்கலைக்கழக மாணவர் ஆலோசனை மையத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தார்.

அங்கே அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் ஷமீமா. வயது முப்பத்தாறுதான். சௌந்தரவல்லி அவரை மேடம் என்பார். ஷமீமா இவரை அக்கா என்பார். இரண்டு பேருக்கும் அதில் ஒரு சங்கடமும் இல்லை.

முதல் மாதம் ஷமீமாவின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவது மாதம் தனியாக ஒரு மாணவியைப் பார்க்கச் சொன்னார்கள். வந்தவள் ஜெனிலா, எம்.எஸ்ஸி. வேதியியல் இரண்டாம் வருஷம். கொளுத்துகிற ஏப்ரல் வெயிலில் முழுக்கை சுடிதார். உட்கார்ந்ததும் சுடிதார் கையை இழுத்து மணிக்கட்டை மூடிக்கொண்டாள். போலீஸ் கண்ணுக்கு அது தப்புமா?

சௌந்தரவல்லி நோட்டைத் திறந்தார்.

"கையில என்னம்மா? யார் செஞ்சது?"

"கூடப் படிக்கிற பையன். ரெண்டு வருஷமாப் பழகுறோம். கோவம் வந்தா முறுக்குவான்."

"கடைசியா எப்ப? நாள், நேரம், இடம் சொல்லு."

அவள் சுடிதார் கையை இன்னும் கீழே இழுத்துவிட்டாள்.

"சரி, அவன் பேரைச் சொல்லு. சாயங்காலத்துக்குள்ள ஸ்டேஷன்ல கொண்டுபோய் உக்கார வைக்கிறேன். ராஸ்கல், பொட்டப் புள்ள கையை முறுக்குவானாமே! நீ முதல்ல சிம்மை மாத்து. ஹாஸ்டல்ல வேற ரூம் கேளு. உங்க அப்பா நம்பரைக் குடு."

ஜெனிலா பையைத் தோளில் மாட்டினாள். "கிளாஸுக்கு நேரமாச்சுங்க" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டாள்.

நோட்டில் கேள்விகள் இரண்டு பக்கம் இருந்தன. பதில் ஒன்றரை வரி.

சௌந்தரவல்லிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. காரணம் இருந்தது. ஏழு வருஷத்துக்கு முன்னால் செல்வமங்கை என்று ஒரு பெண் புருஷன் அடித்துக் கன்னம் வீங்கி ஸ்டேஷனுக்கு வந்தாள். இதே மாதிரி உட்கார வைத்து, ஒரு எழுத்துப் பிசகாமல் புகார் எழுதி வாங்கினார் சௌந்தரவல்லி. மூன்றாம் நாள் அந்தப் பெண் புகாரை வாபஸ் வாங்கிக்கொண்டு அவனிடமே திரும்பிப் போனாள். அடுத்த மாதம் அவளுடைய பிரேத விசாரணை அறிக்கையையும் சௌந்தரவல்லிதான் எழுத வேண்டியிருந்தது. அதற்கப்புறம் அவருக்குக் காக்கிச் சட்டை உடம்பில் ஒட்டவே இல்லை.

நேராக ஷமீமாவின் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னார்.

"நல்லதைத்தானே மேடம் சொன்னேன்? என் மேல என்ன தப்பு?"

ஷமீமா கையை நீட்டி அந்த நோட்டை வாங்கினார். மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

"வாங்க அக்கா, கேன்டீனுக்குப் போவோம்."

கேன்டீனில் வேப்பமரத்தடி மேஜையில் சௌந்தரவல்லி உட்காரப் போனார்.

"அங்க வேணாம், அனல் காத்து. உள்ள உக்காருங்க" என்றார் ஷமீமா.

உள்ளே உட்கார்ந்தார். கேன்டீன்காரர் வந்தார். சௌந்தரவல்லி வாயைத் திறக்குமுன் ஷமீமா முந்திக்கொண்டார்.

"அண்ணே, எனக்கு ஒரு டீ. அக்காவுக்கு ராகிக் கஞ்சி. உப்பு கம்மியா."

"எனக்கும் டீதான் மேடம்."

"உங்க வயசுக்குக் கஞ்சிதான் நல்லது."

கஞ்சி வந்தது. சௌந்தரவல்லிக்குக் கேழ்வரகு சின்ன வயதிலிருந்தே ஆகாது. மேலதிகாரி சொல்லிவிட்டாரே என்று இரண்டு வாய் குடித்தார். மனசு கேட்காமல் போனை எடுத்துப் பார்த்தார்.

"போனை உள்ள வைங்க. கண்ணு கெட்டுப்போகும்."

வைத்தார்.

"முழுசாக் குடிங்க. உங்க நல்லதுக்குத்தானே சொல்றேன்?"

டம்ளரை டொக்கென்று வைத்துவிட்டார் சௌந்தரவல்லி. பக்கத்து மேஜைப் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் என்ன பச்சைப் புள்ளையா மேடம்? எனக்கு எது வேணும்னு எனக்குத் தெரியாதா? இன்னும் ஒரு நிமிஷம் இப்படியே பேசுனீங்கன்னா எந்திரிச்சுப் போயிருவேன்!"

ஷமீமா கோபித்துக்கொள்ளவில்லை. கேன்டீன்காரரைத் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணே, அக்காவுக்கு என்ன வேணும்னு கேளுங்க."

அவர் கேட்டார். சௌந்தரவல்லி கஞ்சி டம்ளரைத் தள்ளி வைத்தார். "டீ. சர்க்கரை தூக்கலா" என்றார். குரல் இறங்கியிருந்தது.

பாதி டீ காலியானதும் கேட்டார்: "அந்தப் புள்ள இனிமே வராதா மேடம்?"

"உங்க ரூமை விட்டு வந்தப்பவே வெளிய நிறுத்தி ரெண்டு வார்த்தை பேசினேன். இன்னிக்கு ஹாஸ்டலுக்குப் போகப் பயமா இருக்கான்னு கேட்டேன், இல்லன்னுச்சு. என் நம்பரைக் குடுத்திருக்கேன். எப்ப வரணும், யாரைப் பாக்கணும்னு நீயே சொல்லுன்னேன்."

"உசுருக்கு ஆபத்துன்னா?"

"அடுத்த நிமிஷமே போலீஸைக் கூப்பிடுவேன். அதையும் அவகிட்ட சொல்லிட்டுத்தான் கூப்பிடுவேன்."

ஒரு வாரம் போனது. ஜெனிலா வரவில்லை. சௌந்தரவல்லிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கதவு சத்தம் கேட்டால் எழுந்து நிற்பார். எட்டாம் நாள் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"எங்க கிளம்பிட்டீங்க அக்கா?"

"ஹாஸ்டல் வாசல் வரைக்கும் போயிட்டு வரேன். பேசமாட்டேன். புள்ள நல்லா இருக்கான்னு தூரத்துல நின்னு பாத்துட்டு வந்துருவேன்."

"நேத்து என்கிட்ட போன்ல பேசினா. நல்லாத்தான் இருக்கா. அந்தப் பையனும் தினமும் ஹாஸ்டல் வாசல்லதான் வந்து நிப்பானாம். தூரத்துல நின்னு பாப்பானாம்."

சௌந்தரவல்லி செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

பதினோராம் நாள் ஜெனிலா வந்தாள். யாரைப் பார்க்க வேண்டும் என்று ஷமீமா கேட்டார்.

"அந்தப் போலீஸ் அக்காவைத்தான்."

ஷமீமாவே இதை எதிர்பார்க்கவில்லை. "அப்படியா? சரிம்மா."

"அன்னிக்கு அவங்க அவனை ராஸ்கல்னு திட்டுனாங்க. எனக்காக யாரும் கோவப்பட்டதே இல்ல" என்றாள் அவள்.

சௌந்தரவல்லி அறைக்குள் போனார். நோட்டு இல்லை, பேனா இல்லை. கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. ஜெனிலா நின்றுகொண்டே இருந்தாள். அறையில் நாலு நாற்காலி.

"எதுல உக்காரணும்க்கா?"

"நீ சொல்லு."

"நீங்களே சொல்லுங்க."

"மாட்டேன்மா. சொல்லாம இருக்கறது எனக்கு எம்புட்டுக் கஷ்டம்னு உனக்குத் தெரியாது. ஆனா சொல்லமாட்டேன்."

அவள் களுக்கென்று சிரித்துவிட்டாள். ஒவ்வொரு நாற்காலியாகப் பார்த்தாள். கடைசியில் ஜன்னலோரம் இருந்ததில் உட்கார்ந்தாள். சௌந்தரவல்லியும் உட்கார்ந்தார்.

அறை புழுங்கியது. தலைக்கு மேல் ஃபேன் ஏனோதானோவென்று சுற்றிக்கொண்டிருந்தது. ஜெனிலாவின் நெற்றியெல்லாம் வேர்வை. சௌந்தரவல்லி பழக்கதோஷத்தில் எழுந்து ரெகுலேட்டரில் கையை வைத்துவிட்டார். கஞ்சி ஞாபகம் வந்தது. கையை எடுத்தார்.

"எத்தனைல வைக்கட்டும்மா?"

"ரெண்டுலயே இருக்கட்டும்க்கா. அவனுக்கு ரெண்டுல இருந்தாத்தான்…" பாதியில் நிறுத்தினாள்.

"உனக்கு?"

சுவர்க் கடிகாரத்தில் நாலு நிமிஷம் ஓடியது. கேள்வி மேல் கேள்வி கேட்டே பழகியவர் நாலு நிமிஷம் சும்மா உட்கார்ந்திருப்பது சாமானியமா? சௌந்தரவல்லி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஜெனிலா எழுந்தாள். ரெகுலேட்டரைத் திருகி அஞ்சில் வைத்தாள்.

மேஜை மேல் இருந்த துண்டுப் பிரசுரமெல்லாம் அறை முழுக்கப் பறந்தது. இரண்டு பேரும் பொறுக்கவில்லை. அவள் ஃபேனுக்கு நேர் கீழே முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றாள். முழுக்கையை முட்டிவரைக்கும் சுருட்டிவிட்டாள். மணிக்கட்டில் பச்சையாகக் கன்றியிருந்தது. சௌந்தரவல்லி பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

கிளம்பும்போது ஜெனிலா சொன்னாள்: "வியாழக்கிழமை வரேன்க்கா. மூணு மணிக்கு."

அவள் போனதும் சௌந்தரவல்லி ஷமீமாவிடம் வந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"ஒரு மணி நேரம் மேடம். அவன் பேர் தெரியல, நடந்தது ஒண்ணும் தெரியல. உருப்படியா அவ செஞ்சது ஃபேனை அஞ்சுல வெச்சது ஒண்ணுதான்."

"யார் வெச்சது?"

"அவதான்."

"நீங்க வைக்கச் சொன்னீங்களா?"

"இல்லையே."

ஷமீமா இழுப்பறையைத் திறந்து நோட்டை எடுத்தார். பேனா மூடியைக் கழற்றி, இரண்டையும் சௌந்தரவல்லியின் கையில் கொடுத்தார்.

"எழுதிக்கங்க அக்கா. நாள், நேரம், இடம் போட்டு."