எஞ்சின் வாய்மூடிய ஏற்றம்

எஞ்சின்களுக்கு வாய் இருந்த அந்தக் காலத்தில், ரோட்டில் ஒரு கார் போனால் இரண்டு பேச்சுச் சத்தம் கேட்கும். ஒன்று உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுடையது. மற்றது பானெட்டுக்கு அடியிலிருந்து வருவது. தூசி அடிக்கிறது, தண்ணீர் சுடுகிறது, கியரை இப்படியா போடுவது என்று எஞ்சின்கள் ஓயாமல் புலம்பும். கேட்டுக் கேட்டு மனிதர்களுக்குக் காது புளித்துவிட்டது. ஒரு எஞ்சினுக்கு நிஜமாகவே நோவு வந்தாலும், "அது அப்படித்தான் கத்தும்" என்று ஓட்டிக்கொண்டே போனார்கள்.

அந்த வாயாடிகளில் பவளத்தை மிஞ்ச ஆள் கிடையாது. மாசிலாமணியின் சிவப்புப் பந்தயக் காரில் இருந்த எஞ்சின் அது. அதைப் பிரித்து மாட்டுகிறவன் அவருடைய மைத்துனன் தங்கப்பழம். அக்காள் வீட்டுக்காரர் மலைப்பாதையில் பந்தயம் ஓட்டுகிறார். வண்டிக்கு ஒன்று என்றால் அக்காள் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம் அவனைவிட்டுப் போனதே இல்லை.

அந்த வருடம் கழுகுமேட்டு மலைப் பந்தயத்துக்காகத் தங்கப்பழம் பவளத்தின் சிலிண்டர் ஹெட்டை இழைத்து உள்ளிடத்தைக் குறுக்கினான். பெட்ரோலும் காற்றும் முன்னைவிட இறுக நசுங்கும். பொறியும் சற்று முந்தியே விழட்டும் என்று டைமிங்கை முன்னால் தள்ளி வைத்தான்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

"நெஞ்சு இறுகுது அண்ணாச்சி. ஆனா பறக்கணும் போல இருக்கு" என்றது பவளம்.

பறக்கலாம்தான். அதற்கேற்ற பெட்ரோல் வேண்டும். சாதா பெட்ரோல் ஓர் அவசரக்குடுக்கை. அளவுக்கு மேல் நசுக்கினால் தன் முறை வரும்வரை நிற்காது. ஒரு பக்கம் பொறி பற்றி எரிந்து வரும்போதே, மறு மூலையில் தானாக வெடித்துவிடும். உயர்ந்த பெட்ரோலுக்கு வலு அதிகம் என்று ஊரே நினைத்தது. அதற்கு அதிகமாக இருந்தது வலு அல்ல, பொறுமை. அந்தப் பொறுமையின் அளவைத்தான் ஆக்டேன் என்றார்கள்.

பந்தயத்தன்று காலையில், மாசிலாமணி ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து நின்றார். தங்கப்பழம் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தான்.

"அண்ணாச்சி, முதலாளி இன்னைக்கு என்ன பண்ணிட்டார் தெரியுமா…" என்று பவளம் தொடங்கியது.

"ஆரம்பிச்சிட்டியா?" மாசிலாமணி பானெட்டைப் பார்த்துக் கத்தினார். "மேலே கொடி தெரியுற வரைக்கும் ஒரு வார்த்தை வரக்கூடாது. வந்துச்சு, கழட்டி பம்புசெட்டுக்குக் குடுத்திருவேன். சத்தியம் பண்ணு!"

"அத்தான், என்னன்னுதான் கேப்போமே."

"நீ சும்மா இரு மாப்ள. உனக்கு எங்க அக்கா மகளைப் பாக்கச் சொன்னா, நீ இதுகிட்ட உக்காந்து கதை கேட்டுக்கிட்டிருக்க."

"சத்தியம்" என்றது பவளம் சின்னக் குரலில். அந்தக் காலத்து எஞ்சின்கள் சத்தியம் தவறுவதில்லை.

கொடி அசைந்தது. கார் சீறிக்கொண்டு ஏறியது. முதல் வளைவுகள் சுகமாகத்தான் போயின. ஏற்றம் செங்குத்தானதும் மாசிலாமணி ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்தார். அப்போதுதான் தங்கப்பழத்துக்கு அது கேட்டது. தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினாற்போல, கிணிகிணி, கிணிகிணி. பேச்சு இல்லை. புலம்பல் இல்லை. உள்ளிருந்து யாரோ கதவைத் தட்டுவது போல இருந்தது.

அவன் நிமிர்ந்து பாதையைப் பார்த்தான். முன்னால் பெரிய வளைவு, அதற்கப்பால் பள்ளம். பிஸ்டன் ஓட்டையாகி எஞ்சின் இறுகிப்போனால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், வண்டி வளையாது.

"அத்தான், காலை எடுங்க!"

"பாதி மலை ஏறியாச்சுல!"

"அக்கா மேல ஆணை, எடுங்க!"

மாசிலாமணி காலை எடுத்தார். தட்டல் நின்றது. வண்டி மெல்ல ஊர்ந்து வளைவின் ஓரத்தில் நின்றது. இருவரும் குதித்து ஓடி பானெட்டைத் திறந்தார்கள்.

"என்ன பெட்ரோல் போட்டீங்க?"

"டேங்க் காலியாயிட்டு. அடிவாரத்துல சாதாதான் இருந்துச்சு." மாசிலாமணி தலையைச் சொறிந்தார். "கொஞ்சம் வேகம் குறையும், அவ்வளவுதானேன்னு…"

"வேகம் குறைஞ்சா போகட்டும். அது உள்ளே முந்தி முந்தி வெடிச்சு பிஸ்டன் மண்டையிலேயே அடிச்சிருக்கு."

தங்கப்பழம் பொறி விடும் பிளக்கைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தான். வெள்ளைப் பீங்கானில் இரண்டொரு கறுப்புப் பொட்டு. உருகல் இல்லை, உடைசல் இல்லை. அவன் விட்ட பெருமூச்சைக் கேட்டு மாசிலாமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு பள்ளத்தை எட்டிப் பார்த்தார், சிரிப்பு நின்றது. மைத்துனனின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார்.

டைமிங்கைப் பின்னால் தள்ளி வைத்து, அலுங்காமல் ஏறினார்கள். உச்சிக்குப் போனபோது பந்தயம் நடத்தியவர்கள் கொடியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கொடி வந்தாச்சு பவளம்" என்றார் மாசிலாமணி. "பேசு. எவ்வளவு வேணும்னாலும் பேசு, நான் கேக்கேன். காலையில இதைத்தானே சொல்ல வந்தே?"

சூடு ஆறிக்கொண்டே பவளம் சொன்னது:

"இத்தனை நாளா வாய் ஓயாம பேசினேன் முதலாளி, யாரும் காதுல போட்டுக்கலை. இன்னைக்குத் தட்டத்தான் செஞ்சேன். ரெண்டு பேரும் குதிச்சு ஓடி வந்தீங்க. எனக்கு இது போதும்."

அதற்குப் பிறகு அது பேசவில்லை. சங்கதி ஒவ்வொரு வண்டியாகப் பரவி, மற்ற எஞ்சின்களும் நிம்மதியாக வாயை மூடிக்கொண்டன. அன்று முதல்தான், பெட்ரோலின் பொறுமை போதாதபோது மட்டும் எஞ்சின் உள்ளிருந்து தட்டுகிறது, வேகத்துக்காக வண்டியைத் திருத்துகிறவர்களும் ஸ்பானரை எடுக்குமுன் "என்ன பெட்ரோல் போடுறீங்க?" என்று கேட்டுவிட்டு, பேச்சை நிறுத்திக் காது கொடுக்கிறார்கள்.